பாய்மரமும் பாடப்புத்தகமும்: பிள்ளை மட்டும் சுமக்கும் பாரமா?



பாய்மரப் படகுப் போட்டியில் இறங்கும் பிள்ளை படிப்பில் கோட்டை விட்டுவிடுமா? இதுதான் இன்றைய அரங்கின் கேள்வி. தெங்கேராவில் இந்தக் கேள்வி எழுவது பொருத்தமே. ஒரு காலத்தில் தெங்கேரா சாலையோர வீடுகளின் பின்புறம் வரை கடல் இருந்தது. கடலை மண்ணிட்டு நிரப்பிய பிறகு கரை தள்ளிப் போனது. கரையோடு சேர்ந்து, கடலைப் பற்றிய நினைப்பும் தள்ளிப் போய்விட்டது. இன்று நம் குடும்பங்களுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம். பிள்ளை முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே அம்மாவின் குரல் கேட்டுவிடும்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இவர்கள். காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்திய சோழ முன்னோனைப் புறநானூறு பேசுகிறது. 15ஆம் நூற்றாண்டு மலாக்கா துறைமுகத்தில் தமிழ் வணிகர்களின் கப்பல்கள் நின்றன. அப்படிப்பட்ட இனத்தின் பிள்ளைக்குக் கடல் எப்படி அந்நியமானது? காரணம் பயம் மட்டுமன்று. தோட்டத்திலிருந்து பிள்ளையை மீட்டது கல்வி. அந்தக் கல்விக்கு எது குறுக்கே வந்தாலும் பெற்றோர் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

தனியே முடிவெடுக்கும் விளையாட்டு

முதலில் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவர்கள் தொடங்குவது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் படகில். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. நீளம் 2.3 மீட்டர்தான். ஒரு பிள்ளை, ஒரு பாய், ஒரு சுக்கான். மிதவைச் சட்டை அணியாமல் யாரையும் படகில் ஏற்றுவதில்லை. பயிற்றுநரின் இயந்திரப் படகு அருகிலேயே சுற்றி வரும்.

காற்று வரும் திசைக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேற வேண்டும். எப்போது திரும்புவது, எந்தப் பக்கம் காற்று கூடும் என்பதையெல்லாம் பிள்ளையே கணக்கிட வேண்டும். பந்தயம் தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. தேர்வு மண்டபத்திலும் அதே விதிதானே?

புள்ளிக் கணக்கிலும் ஒரு பாடம் உண்டு. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர். போதிய பந்தயங்கள் நடந்தால், மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் சூரத்தனம் உதவாது. நாள்தோறும் நிதானமாகச் செய்பவருக்கே பலன்.

சென்னையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி

பேச்சுக்கு நல்லது, நடைமுறைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையைக் காட்டலாம். நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் முதன்முதலாகப் படகேறினார். 2014, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். எஸ்.ஆர்.எம். கல்வி நிலையத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் ஹங்கேரியப் பயிற்றுநரிடம் பயிற்சி பெற்றார். 2020 ஜனவரியில் மியாமி உலகக் கிண்ணப் போட்டியில் வெண்கலம். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிச் சுற்றின் வழியாக, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

தோக்கியோவில் அவருக்குக் கிடைத்தது 35ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். பதக்கம் இல்லையே, இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். உலகின் மிகச் சிறந்தவர்கள் நடுவே மூன்றே ஆண்டுகளில் 14 இடம் முன்னேறியது சிறிய காரியமா? காற்பந்துபோல் சம்பளம் கொட்டும் விளையாட்டு இதுவன்று. அதனால்தான் இந்த விளையாட்டில் இருப்பவருக்குப் பட்டப்படிப்பு கூடுதலாகவே வேண்டும். பாய்மரத்தை நம்பிப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்பவர் பிள்ளைக்கு நன்மை செய்பவர் அல்லர்.

இது பணக்காரர் விளையாட்டு என்றும் சொல்வார்கள். செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபால் நகரத்து அரசுப் பயிற்சிப் பள்ளியில் ஏரியில் பழகினார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 17 வயதில், வெள்ளிப் பதக்கம் பெற்றார். படகும் பயிற்றுநரும் பொதுச் செலவில் கிடைத்தால் விவசாயி மகளும் வெல்ல முடியும். ஏரியில் பழகியவர் ஆசிய மேடை ஏறினார். மலாக்கா நீரிணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள்.

மோதல் எங்கே?

சிக்கல் இல்லை என்று சொல்வது பொய். நிலம் சூடேறிய பிறகுதான் கடற்காற்று எழும். அதாவது பிற்பகலில். பள்ளி முடியும் நேரமும் அதுவே. பிரத்தியேக வகுப்பு தொடங்கும் நேரமும் அதுவே. காற்றுக்குக் கால அட்டவணை தெரியாது. 2024 ஆகஸ்டில் மார்செய் கடலில் போதிய காற்று இல்லாமல் ஒலிம்பிக் பதக்கப் பந்தயங்களே மறுநாளுக்குத் தள்ளிப் போயின. உள்ளூர்ப் பயிற்சி தள்ளிப் போவதில் வியப்பென்ன?

வயதும் மோதுகிறது. ஆப்டிமிஸ்ட் படகுக்கு 15 வயதுதான் உச்சவரம்பு. அதற்குப் பிறகு பெரிய படகுக்கு மாற வேண்டும். உடல் வலிமை, பயண நாட்கள், செலவு எல்லாம் ஒரே நேரத்தில் கூடும். நம் நாட்டில் அதே வயதில்தான் பிள்ளை நான்காம் படிவத்தில் நுழைந்து எஸ்.பி.எம். தேர்வை நோக்கி ஓடத் தொடங்குகிறது. பல குடும்பங்களில் அந்த ஆண்டில்தான் "படகா, படிப்பா?" என்ற கேள்வி எழும். பிள்ளை வாயடைத்து நிற்கும்.

அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பதே தவறு. 16 வயதுப் பிள்ளையால் தேர்வுத் தேதியை மாற்ற முடியாது, போட்டித் தேதியையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதெல்லாம் பெரியவர்கள் கையில் இருக்கிறது.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பெற்றோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய நாள்காட்டியைச் சுவரில் மாட்டலாம். தேர்வு வாரங்கள் ஒரு நிறத்தில், போட்டி வாரங்கள் இன்னொரு நிறத்தில். இரண்டும் மோதும் இடம் ஜனவரியிலேயே தெரிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வந்து கலங்குவதைவிட அது நல்லது. பிற்பகல் பிரத்தியேக வகுப்பை இரவுக்கோ காலைக்கோ மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

பயிற்றுநர் போட்டிப் பட்டியலைப் பள்ளிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். விடுப்புக் கடிதத்தைப் பிள்ளை கையில் கொடுத்து அலைய விடக் கூடாது. பள்ளியோ, போட்டிக்குப் போய் வந்த பிள்ளையைத் தப்பி ஓடியவனாக நடத்தாமல், விடுபட்ட பாடத்தை யார் சொல்லித்தருவார் என்று ஓர் ஆசிரியரைக் குறிப்பிடலாம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்போரின் தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது. பள்ளிகளும் பெற்றோரும் இதை மறந்துவிடக் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கரையில் காற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் கைப்பேசிக்குப் போகிறதா, கணக்குப் புத்தகத்துக்குப் போகிறதா? அதைப் பெற்றோர் கவனிப்பார்கள். நம்பிக்கை கேட்டு வாங்குவதன்று, நடந்து காட்டி வாங்குவது. போட்டியில் மோசமான ஒரு பந்தயத்தைக் கழிக்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் அந்தச் சலுகை கிடையாது.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. போகாத பிள்ளையும் கவிழ்ந்த படகைத் தானே நிமிர்த்தி மறுபடி ஏறக் கற்றிருக்கும். கல்லூரியிலும் வேலையிலும் அது பயன்படும். காற்றும் காத்திருக்காது, தேர்வும் காத்திருக்காது. பிள்ளைக்காகச் சற்றுக் காத்திருந்து வழிவிட வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.