நுண்பொருளைக் காட்டும் வெள்ளித் தாள்



ஒரு பழத்தின் தோலில், கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாத சொற்ப அளவில் ஒட்டிக் கிடக்கும் நச்சுப் பொருளை, அப்பழத்தை அறுத்து அரைத்துத் தொலைவிலுள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி நாட்கணக்கில் காத்திராமல், அது விற்கப்படும் இடத்திலேயே கண்டறிய முடியுமா என்னும் வினாவையே இன்று உங்கள் முன் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளியின் நுண்துகள்களைத் தாங்கிய, வளைந்து கொடுக்கும் தாள்களும் மென்படலங்களும் இவ்வினாவுக்கு விடையாக உருவாகி வருகின்றன.

இதன் மூலத்தைத் தேடிச் சென்றால் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கேதான், திருவானைக்காவில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், ஒரே நிறமுடைய ஒளி ஒரு பதார்த்தத்தில் பட்டுச் சிதறும்போது அதன் மிகச் சிறு பகுதி, அப்பதார்த்தத்து மூலக்கூறுகளின் அதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறி வெளிவருகிறது என்று கண்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறின் அதிர்வும் தனித்தன்மை உடையது. ஆகவே அந்த நிறமாலையின் கோடுகள் மனிதனின் கைரேகையைப் போல அதனதன் அடையாளத்தைத் தப்பாமல் கூறிவிடுகின்றன. ஆனால் நிறம் மாறி வரும் ஒளித்துகள் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்று என்னும் அளவிலேயே இருப்பதால், பொருள் ஏராளமாக இருந்தாலன்றி அக்கோடுகளைக் காண்பது அரிது. நஞ்சோ ஏராளமாக இருப்பதில்லை.

இக்குறை நீங்க வழி பிறந்தது எதிர்பாராத விதத்தில். 1974இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்வில்லன் ஆகிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையின்மீது படிந்த பிரிடினை ஆராய்ந்தபோது, வியக்கத்தக்க வலிமையுடன் ராமன் கோடுகள் தோன்றின. மேற்பரப்பு விரிந்து கூடுதல் மூலக்கூறுகள் படிந்ததே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். அமெரிக்காவில் வான் டுயின், ஜீன்மேர் என்போரும், காண்டர்பரியில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் என்போரும் 1977இல் தனித்தனியே கணக்கிட்டு, பரப்பின் விரிவு மட்டும் இதற்குப் போதாது, ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியும் லட்சம் மடங்குக்குக் குறையாமல் பெருகியிருக்கிறது என்று நிறுவினார்கள். வெள்ளித் துகளில் ஒளி படும்போது அதன் எலெக்ட்ரான்கள் ஒருசேர ஊசலாடுகின்றன. அவ்வாறு ஊசலாடும் இரு துகள்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய தொட்டு நிற்கும் இடைவெளியில் மின்புலம் அளவிறந்து செறிகிறது. அவ்விடைவெளியில் அகப்பட்ட மூலக்கூறே இவ்வளவு உரக்கப் பேசுகிறது. 1997இல் ஒற்றை மூலக்கூறின் ஒளியையே பிரித்தறிந்ததாக இரண்டு குழுவினர் அறிவித்தனர்.

இத்தகைய வெள்ளிப் பரப்பை நெடுங்காலம் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் அமைத்து வந்தார்கள். ஆப்பிளின் தோல் தட்டையானதன்று. விறைத்த தகடு அதன் வளைவில் பொருந்தாது. ஆகவே ஆராய்ச்சியாளர் காகிதம், பருத்தி, சிலிகோன் ரப்பர், ஒட்டு நாடா ஆகிய எளிய பொருள்களை நாடினார்கள். வடிதாளில் வெள்ளித் துகளைப் பதித்துச் சாயங்களைக் கண்டறியும் முறை 1984இலேயே வெளிவந்தது. 2010இல் மேரிலாந்தில் இருவர் சாதாரண அச்சுப்பொறியின் மையாகவே வெள்ளித் துகளைப் பயன்படுத்தித் தாளில் அச்சிட்டுக் காட்டினார்கள். துகளைத் தயாரிப்பதும் கடினமன்று. கொதிக்கும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், நிறமற்ற நீர் மெல்ல மஞ்சளாகி, பசுமை கலந்த சாம்பல் நிறம் கொண்டு கலங்கும். 1982இல் லீ, மைசல் என்போர் வகுத்த இம்முறையை நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் செய்யலாம்.

விதை நேர்த்தி செய்யும் நம் உழவர் நன்கறிந்த திரம் என்னும் பூசணக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். சாராயத்தில் நனைத்த வெள்ளித் தாளைப் பழத்தின்மேல் ஒற்றித் துடைத்தால், தோலில் எஞ்சிய திரம் தாளின் நார்களுக்கு ஏறுகிறது. அதன் மூலக்கூறின் நடுவிலுள்ள கந்தகப் பிணைப்பு வெள்ளியின்மேல் முறிந்து, இரு பாதிகளும் தத்தம் கந்தகத்தால் வெள்ளியை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கையடக்கமான லேசர் கருவியை அத்தாளின்மேல் காட்டினால், சென்டிமீட்டருக்கு 1380 அலைகள் என்னும் எண்ணை ஒட்டி ஒரு கூர்முகடு எழுகிறது. ரப்பர் மென்படலமாயின் துடைக்கவும் வேண்டுவதில்லை. அது ஒளி ஊடுருவுவது ஆகையால், பழத்தின்மேல் ஒட்டவைத்து அதன் முதுகுப்புறத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

மூலக்கூறையே நேரில் அடையாளம் காண்பதன் அவசியத்தை 2008ஆம் ஆண்டு சீனத்து நிகழ்ச்சி உலகுக்குக் கொடுமையாக உணர்த்தியது. பாலில் நீரைக் கலந்தவர்கள், குறைந்த புரதத்தை மறைக்க, எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜனாலான மெலமைனைச் சேர்த்தார்கள். புரதத்தை நேரில் அளக்காமல் நைட்ரஜனை மட்டும் அளந்து வந்த வழக்கமான சோதனை அதனை நற்பாலென்றே ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு சிசுக்கள் மாண்டன. குழந்தை உணவுப் பொடியில் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என்று இன்று சர்வதேச வரம்பு இருக்கிறது. அவ்வளவு சொற்பத்தை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே காணும் சாதனம் ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையத்திலும் இருக்கவேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

எனினும், இம்முறையின் குறைகளை மறைப்பது அதற்குச் செய்யும் துரோகமாகும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. துளி உலரும்போது துகள்கள் ஓரத்தில் வளையமாக ஒதுங்குவதால் ஒரே தாளில் ஓரிடம் உரக்கவும் மற்றோரிடம் மெல்லவும் பேசுகிறது. படலத்தை இழுத்தால் துகளிடைவெளி விரிகிறது. சில நானோமீட்டர் விரிந்தாலும் ஒளிப்பெருக்கம் வெகுவாகக் குறைகிறது. சர்க்கரையைப்போல் வெள்ளியைப் பற்றாத பொருள்களோ எளிதில் அகப்படுவதேயில்லை.

ஆயினும் வெளிவரும் ஆய்வுரைகளில் பெரும்பாலானவை, எவ்வளவு சிறிய அளவைக் கண்டோம் என்பதையே தலையாய பெருமையாகக் கூறுகின்றன. சட்டம் விதித்த வரம்புக்கு ஆயிரம் மடங்கு கீழே ஒருமுறை கண்ட தாளைவிட, அவ்வரம்பை ஒட்டி நூறு தாள்களிலும் ஒரே விடையைக் கூறும் தாளே மக்களுக்குப் பயன்படும் என்பது என் தீர்மானமான கருத்து. இத்துறையில் புகும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: உங்கள் தாள் பெட்டியில் எத்தனை மாதம் கெடாமல் இருந்தது, எத்தனை முறை வளைத்த பின்னும் அதே அளவைக் காட்டியது, சுத்தமான நீரில் அல்லாமல் உண்மையான பாலிலும் பழத்திலும் எத்தனை முறை தவறியது என்பவற்றையும் உங்கள் ஆய்வேட்டில் மறவாமல் எழுதுங்கள்.