ஆல்பைனில் குடியேறலாமா?



டல்லாஸிலிருந்தும் ஹியூஸ்டனிலிருந்தும் எனக்கு அடிக்கடி தொலைபேசி வரும். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள்தான். கணவனுக்கோ மனைவிக்கோ டெக்சஸின் ஏதோ ஒரு மூலையில், ஒரு சின்ன மருத்துவமனையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை கிடைத்திருக்கும். "அந்த மாதிரி ஊரில் போய் இருக்க முடியுமா அக்கா?" என்று கேட்பார்கள். நான் அப்படி ஓர் ஊரில் குடும்பம் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையே இன்று உங்கள் முன்னால் எடுத்து வைக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். பெயர் ஆல்பைன். டெக்சஸின் மேற்குக் கோடியில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. 1882-இல் ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,360 மீட்டர் உயரம். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. மக்கள் சுமார் 6,000 பேர். புரூஸ்டர் கவுண்டிக்கு இதுதான் தலைமையிடம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போல. டெக்சஸில் பரப்பளவில் பெரிய கவுண்டி இதுவே. தமிழ்நாட்டை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு அளவு இருக்கும். அவ்வளவு நிலத்திலும் சேர்த்து வாழ்கிறவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கடை கண்ணி உண்டா?" உண்டு. மளிகைக் கடை, மருந்துக் கடை, வங்கி, தபால் நிலையம், மாட்டுத் தீவனக் கடை எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சல் ராஸ் என்ற அரசுப் பல்கலைக்கழகம் 1920-லிருந்து இங்கே நடக்கிறது. நியூ ஆர்லியன்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடும் ரயில் வாரத்தில் மூன்று நாள் இங்கே நின்று போகிறது. ஆனால் விமானம் ஏற வேண்டுமானால் மிட்லண்டுக்குச் சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டும். எல் பாசோ போகச் சுமார் 350 கிலோமீட்டர். உளுந்து, புழுங்கலரிசி, கறிவேப்பிலை எல்லாம் அந்தப் பயணத்தில்தான் வீட்டுக்கு வரும். யாராவது எல் பாசோ கிளம்புகிறார்கள் என்றால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நாலு வீட்டுச் சாமான் ஒரே வண்டியில் வந்து இறங்கும்.

வழியில் பல மைல் தூரம் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. பெட்ரோல் பாதி குறைந்ததும் நிரப்பிக்கொள்வது, வண்டியில் எப்போதும் தண்ணீர்க் கேன் வைத்திருப்பது, அந்தி சாய்ந்த பிறகு மான் குறுக்கே பாயும் என்று மெதுவாக ஓட்டுவது, இந்த மூன்றும் பழக்கமாக வேண்டும். எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அது வணக்கம். நீங்களும் ஒரு விரலை உயர்த்துங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தெற்கே மெக்சிகோ எல்லை இருக்கிறது. அங்கிருந்து ஆல்பைனுக்கு வரும் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் துறையின் சோதனைச் சாவடி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டையோ விசா ஆவணங்களையோ கையோடு வைத்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவைப் பார்க்கக் கிளம்பும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, "உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது?" சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஆல்பைனில் இருப்பது 25 படுக்கைகள் கொண்ட ஒரே மருத்துவமனை. தெற்கே டெர்லிங்குவாவில் இருப்பவர் இங்கே வரவே சுமார் 130 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். பெரிய அறுவை சிகிச்சை என்றால் நோயாளியை ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். அதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. அதனால்தான் இங்குள்ள குடும்பங்கள் விமான ஆம்புலன்ஸ் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டி வைக்கின்றன. குடிவந்த முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் இதய நோயாளியோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, பிரசவத்தில் சிக்கல் வரலாம் என்று மருத்துவர் எச்சரித்த கர்ப்பிணியோ இருந்தால், வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பயிற்சி முடித்த மருத்துவர்கள், மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் மூன்று ஆண்டு பணியாற்றினால் அமெரிக்காவிலேயே தொடர்ந்து இருக்கலாம் என்றொரு ஏற்பாடு 1994-லிருந்து நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு முப்பது பேர். நம் ஊரில் படித்த மருத்துவர்கள் சிற்றூர்களுக்கு வந்து சேரும் வழிகளில் ஒன்று அது. என் கணவரும் அப்படித்தான் வந்தார். மூன்று ஆண்டு முடிந்ததும் பெட்டி கட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நானும் வந்தேன்.

மூன்றாவது கேள்வி, "வீடு, நிலமெல்லாம் மலிவுதானே?" டல்லாஸ் விலையோடு ஒப்பிட்டால் நிலம் மலிவு. குடியிருக்க வீடு கிடைப்பதுதான் கடினம். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது பெருகிவிட்டதால், மாத வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தைச் சொத்து வரி சுமக்கிறது. நீங்கள் வாங்கிக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் என்ற சலுகை உண்டு. பள்ளி வரியைக் கணக்கிடும்போது வீட்டு மதிப்பில் 1,40,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். 2025-இல் மக்கள் வாக்களித்து உயர்த்திய தொகை அது. ஆனால் தானாக வராது. கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால்தான் கிடைக்கும்.

வெறும் நிலம் வாங்குவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் பாலை நிலம் சில ஆயிரம் டாலருக்கு என்று விளம்பரம் வரும். பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நிலத்துக்குப் போகச் சட்டப்படியான பாதை உண்டா? மின்கம்பி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? பூமிக்கடியிலுள்ள கனிம உரிமை உங்களுக்கா, முன்பே வேறொருவருக்கு விற்றுப் போனதா? டெக்சஸில் மேல்நிலம் ஒருவருக்கும் கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். கனிமக்காரர் எண்ணெய் எடுக்க வந்தால் உங்களால் மறிக்க முடியாது.

நான்காவது, தண்ணீர். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1904-இல் ஒரு ரயில்வே நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உங்கள் நிலத்தடி நீரை நீங்கள் இறைத்துக்கொள்ளலாம், அதனால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றினாலும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இன்று பல கவுண்டிகளில் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு வட்டாரங்கள் அமைந்து கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. அந்தப் பழைய விதி மட்டும் மாறவில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் குடிநீர் வாரியமும் நீங்களே, கழிவுநீர் வாரியமும் நீங்களே. ஆழ்துளைக் கிணறு போட்டு நீர் வராமல் போனவர்கள் மழையை நம்புகிறார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தொட்டிக்கு வரும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அதற்குள் தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் படிப்பு. வகுப்பில் குழந்தைகள் குறைவு. ஆசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, நாய்க்குட்டியின் பெயரும் தெரியும். நகரத்துப் பள்ளிகளைப் போல நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் விதவிதமான பாடங்களும் இருக்காது. அந்தக் குறையை வீட்டில் ஈடுகட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு என்றால் கால்பந்து. அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்களான மார்ஃபாவிலும் ஃபோர்ட் டேவிஸிலும் பதினொரு பேரைச் சேர்க்க மாணவர்கள் போதாது. அதற்காக ஆட்டத்தை விட்டுவிடவில்லை, அணிக்கு ஆறு பேராக ஆடுகிறார்கள். மைதானமும் அதற்கேற்பச் சிறியது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. டிக்கெட் கொடுத்த அம்மாளை எங்கோ பார்த்த நினைவு. யோசித்தால், முந்தின நாள் தீவனக் கடையில் கோழிக்குக் கம்பு நிறுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு துக்க வீட்டுக்குப் போனோம். வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவரும் அவரே. ஊரில் ஆள் குறைவு. ஊர் வேலை குறைவதில்லை. ஒருவரே மூன்று பேராக நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. "பாதுகாப்பா?" என்று கேட்கிறார்கள். திருடர் பயம் எங்களுக்குக் குறைவு. விரியன் வகைப் பாம்பு உண்டு, தேள் உண்டு, காட்டுப்பன்றி போலத் தெரியும் ஹவலீனா இரவில் தெருவில் நடமாடும். வேலிக் கம்பத்தில் ஊதா வண்ணம் பூசியிருந்தால், டெக்சஸ் சட்டப்படி உள்ளே நுழையாதே என்று பொருள். பலகை இல்லையே என்று கால் வைக்காதீர்கள்.

எங்களுக்கு உண்மையான பயம் நெருப்பு. 2011 ஏப்ரலில் மார்ஃபா அருகே பற்றிய தீ, காற்றோடு ஓடி அன்றே ஃபோர்ட் டேவிஸை எட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எரிந்து முடிந்த நிலம் 3 லட்சம் ஏக்கருக்கும் மேல். அந்தத் தீயின் எதிரே முதலில் போய் நின்றவர்கள் யார் தெரியுமா? சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். ஆல்பைனின் தீயணைப்புப் படையும் தன்னார்வலர்களால் நடப்பதுதான். அழைப்பு வந்தால் மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார், ஆசிரியர் ஓடுவார்.

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். "நம்மை ஏற்றுக்கொள்வார்களா?" மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பகுதிக்கு வலிக்கிற வரலாறு உண்டு. மார்ஃபாவில் பிளாக்வெல் பள்ளி என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1909 முதல் 1965 வரை மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் படிக்கவைத்த இடம். 1954-இல் அங்கே ஸ்பானிய மொழிக்குச் சவ அடக்கம் நடத்தினார்கள். காகிதத்தில் எழுதிய சொற்களைப் பெட்டியில் வைத்துக் குழந்தைகள் கையாலேயே புதைக்கச் செய்தார்கள். தாய்மொழியை உயிராக நினைக்கும் நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அந்தக் கட்டடம் போய்விடும் என்ற நிலை வந்தது. அங்கே படித்தவர்களே ஒன்றுசேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள். 2022-இல் அதை தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் வந்தது. தங்கள் அவமானத்தின் சாட்சியை இடிக்க விடாமல் நிறுத்திவைத்த மக்கள் அவர்கள்.

இன்று ஊரில் பாதிப் பேர் அந்த வம்சாவளியினர். என்னைக் கண்டதும் பலர் ஸ்பானிய மொழியில்தான் பேசத் தொடங்குவார்கள். முதல் ஆண்டு முழுக்க எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள், யாரும் நெருங்கவில்லை. சிலர் கடைசிவரை நெருங்காமலும் இருக்கலாம். எனக்கு அது மாறியது ஒரு பங்குனி மாதத்தில். மலையடிவாரத்தில் புல் பற்றிக்கொண்டு தன்னார்வலர்கள் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை. சாப்பாடு தேவை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வெயிலில் கெடாத சாப்பாடு எது என்று நமக்குத் தெரியாதா? பெரிய அண்டா நிறையப் புளியோதரை கிளறினேன். காரத்தைப் பாதியாகக் குறைத்தேன். எடுத்துப்போன பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது. கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவர் தீவனக் கடை அம்மாள்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊரில் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதை யார் நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். நகரத்தில் வரி கட்டினால் தீயணைப்பு வண்டி வரும். இங்கே அந்த வண்டியை யாராவது ஓட்ட வேண்டும். ஒருநாள் உங்களைக் கேட்பார்கள். அதற்கு மனம் சம்மதிக்கிறதா என்று பாருங்கள். முடிவெடுக்கும் முன் மார்ச் மாதக் காற்றில் ஒரு வாரம் வந்து தங்குங்கள். இரவில் வெளியே நின்று வானத்தையும் பாருங்கள். உலகிலேயே பெரிய இருள்வானக் காப்பகம் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது எங்கள் பகுதிதான். நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பதற்காக வீட்டு விளக்கைத் தரை பார்க்கத் திருப்பி வைக்கிறோம்.

மூன்று ஆண்டுக்கு என்று வந்த நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி எப்போதும் தயாராக இருக்கிறது.