வாங்கிய பத்தாயிரமும் வந்த எண்பத்து நான்கும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் 214 பேர். ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறார்களாம். மெயின்டெனன்ஸ் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். மழைநீர் வடிகால் பற்றி நாம் போடும் புகாரை அதிகாரிகள் திரும்பிப் பார்க்க வேண்டுமானால், பின்னால் கூட்டம் தெரிய வேண்டும் என்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் சம்மதமில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே பெரியதம்பி என்ற தாத்தா, முன்பு சமையல் வேலை பார்த்தவர். 2018-இல் பேரன்கள் அவரை முன்னால் நிறுத்தி யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஆரம்பித்தார்கள். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். திறந்த வெளியில் அடுப்பு, பெரிய அண்டா, அம்மியில் அரைத்த மசாலா. போடுகிற ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போடுவார்கள். சமைத்ததை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறுவார்கள். திரும்பத் திரும்ப இதேதான். சலிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் செய்வது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்கள். தமிழ் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். கையோடு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுத்தார்கள். ராகுல் வந்ததால்தான் வளர்ந்தார்கள் என்று என் வீட்டம்மா சொல்வாள். அவர் வருவதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அவரே வந்தார் என்பது என் கட்சி. இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

இனி என் பழைய உத்தியோகக் கதை. வருஷா வருஷம் எங்கள் கிளையில் இத்தனை புதுக் கணக்கு பிடிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வரும். மாமா, மச்சான், டீக்கடைக்காரர் என்று கையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கிக் குறைந்தபட்சத் தொகையோடு கணக்கைத் திறப்போம். மாதக் கடைசியில் எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும். பிறகு அவர்கள் கிளைப் பக்கமே வர மாட்டார்கள். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு. அதற்கும் லெட்ஜரில் பக்கம் உண்டு, வேலையும் உண்டு. வட்டிக் கணக்குப் போட்டே விரல் தேய்ந்தது.

விலைக்கு வாங்கும் ஃபாலோயர்களும் அந்த ரகம்தான். அதில் பாதி ஆளே இல்லாத பொய்க் கணக்காக இருக்கும். நம் பதிவைப் படிக்க மாட்டார்கள், லைக் போட மாட்டார்கள், பகிர மாட்டார்கள். பார்க்கிறவர்கள் ஒரு பதிவை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதையும் வைத்துத்தான் ஃபேஸ்புக் அதை மற்றவர்களுக்குக் காட்டுகிறது. பத்தாயிரம் பேர் வாய் மூடி உட்கார்ந்திருந்தால், இருக்கிற 214 பேருக்கும் சேர்த்து இருட்டடிப்புதான். வார்டு கவுன்சிலர் நம் பக்கத்தைத் திறந்து, பத்தாயிரம் ஃபாலோயர், பதினோரு லைக் என்று பார்த்தால் என்ன நினைப்பார்? நம் வடிகால் புகாரையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். அமெரிக்காவில் இப்படி ஆள் விற்ற டெவுமி என்ற கம்பெனி 2019-இல் அரசிடம் மாட்டிக்கொண்டது. 2024-இல் வியாபாரத்துக்காகப் போலி ஃபாலோயர்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் அங்கே தடை விதியே வந்துவிட்டது.

அந்த 214 பேர் யார் என்று உட்கார்ந்து எண்ணினேன். பழைய பழக்கம், விடவில்லை. நம் குடியிருப்பில் 130 பேர். மீதி 84 பேர் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் எப்போது வந்தார்கள் தெரியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்த வாரம். அம்பத்தூர் முழுக்கத் தண்ணீர் நின்றபோது, நம் பி பிளாக் தம்பி மொட்டை மாடியிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் மணிக்கொரு படம் போட்டான். எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தப் பக்கம் பால் வண்டி வருகிறது, எங்கே கரண்ட் வந்துவிட்டது என்று இரண்டு வரி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டவர்கள் தாமாக வந்தார்கள்.

அதற்குப் பிறகு நாம் என்ன போட்டோம்? தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. தலைவர் கோபிக்கக் கூடாது. அந்த 84 பேருக்கு அதில் என்ன இருக்கிறது? அவர்களுக்கும் அதே கால்வாய்தான் நிரம்புகிறது, அவர்கள் வாசலிலும் அதே தண்ணீர்தான். வடிகால் புகாரில் நம்மோடு வந்து கையெழுத்துப் போடக்கூடியவர்கள் அவர்கள்தான். எங்கோ இருக்கும் பத்தாயிரம் பேர் போட மாட்டார்கள்.

ஆகவே ஐந்தாயிரம் கணக்கிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, கால்வாய் எப்படி இருக்கிறது என்று தேதியோடு ஒரு படம் போடுவோம். தூர் வாரினால் வாரியதாகவும், வாராவிட்டால் வாரவில்லை என்றும் உள்ளபடி எழுதுவோம். யாராவது கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில். பதில் எழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். படம் எடுக்கத்தான் ஆள் வேண்டும். என் போனில் எடுத்தால் கால்வாயும் கலங்கல், படமும் கலங்கல்.