டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

காலை ஷிப்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் வரும் பெண்களில் சிலர் மார்கழியிலும் முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். நாற்பதைத் தாண்டினால் மாதவிடாய் முன்பின்னாகும், திடீரென்று உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும். நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில வருடம் முன்பே இந்தப் பாடு ஆரம்பித்துவிடும்.

உடனே சோயா மாத்திரை, மூலிகை மாத்திரை என்று டப்பா வாங்குகிறோம். திருப்பிப் பாருங்கள், சத்து மாத்திரையாக விற்பதென்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். சட்டமே அப்படி! சோயா சிலருக்குத் தகிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது, பலருக்கு ஒன்றுமில்லை. பிளாக் கோஹோஷ் என்ற வேரால் கல்லீரல் கெட்டதாகவே புகார்கள் உண்டு.

கால்சியம் வேறு கதை. தகிப்பை அடக்காது, எலும்புக்கு வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரையே எழுதித் தந்திருந்தால், தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் வேறு வேளைக்குத்தான்.

பாட்டி கிண்டிய உளுந்தங்களியா? நல்லெண்ணெய் ஊற்றித் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ரத்தப்போக்கு அதிகமானாலோ, நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி பட்டாலோ, களியை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.