பச்சைப் பள்ளம்

(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஊர்ப்பெயர் என்பது மண்ணை அறிந்த முன்னோர் அம்மண்ணைப் பற்றி எழுதி வைத்த முதல் ஏடு. நீர் எங்கே ஓடுகிறது, நிலம் எங்கே தாழ்கிறது, மேடு எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் ஒரே சொல்லில் பொதித்து வைத்தார்கள் அவர்கள். அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்க்கு நிலம் வாய் திறந்து பேசும். படிக்க மறுத்தவர்களால், பேசியவர்களின் சொல்லையும் கேட்க மறுத்தவர்களால், ஒரு சிற்றூர் தன் குழந்தைச் செல்வங்களை ஒரே காலையில் இழந்தது. அவ்வூரின் கதையே இன்றைய உரையின் பொருள்.

அந்நாட்டை ஆங்கிலேயர் வேல்சு என்பர். அச்சொல்லின் வேர்ப்பொருள் 'அயலார்' என்பது. சொந்த மண்ணில் வாழ்ந்த மக்களை, பின்னர் வந்தவர்கள் அயலார் என்று அழைத்தார்கள்! அம்மக்களோ தம்மைக் 'கம்ரி' என்று கூறிக்கொள்வர். 'ஒரே நாட்டுத் தோழர்' என்பது அதன் பொருள். அந்நாட்டின் தென்பகுதியில், மெர்த்தர் தித்வில் நகருக்குத் தெற்கே, தாவ் ஆற்றங்கரையில் உள்ளது அபர்வான் என்னும் சிற்றூர். 'அபர்' என்றால் ஓடை ஆற்றோடு கூடுமிடம். 'வான்' அந்த ஓடையின் பெயர். ஆக, ஊரின் பெயரிலேயே நீர் ஓடுகிறது. அவ்வூர்ப் பள்ளியின் பெயர் 'பந்த்கிளாசு'. பச்சைப் பள்ளம் என்பது அதன் பொருள். மேலே மலை, கீழே பள்ளம், இடையே நீர். ஊரின் அமைப்பு முழுவதையும் இவ்விரு பெயர்களே சொல்லிவிட்டன.

1869ஆம் ஆண்டுக்கு முன் அங்கே இருந்தவை இரண்டு குடிசைகளும், உழவர்களும் கால்வாய்ப் படகோட்டிகளும் தங்கிச் செல்லும் ஒரு விடுதியுமே. அவ்வாண்டில் சான் நிக்சன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் ஆற்றின் எதிர்க்கரையில் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 1875இல் நிலக்கரி வெளிவந்தது. கரி வந்ததும் ஆள் வந்தார். ஆள் வந்ததும் மலைச்சரிவை ஒட்டி வரிசை வரிசையாய் வீடுகள் எழுந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் அழுதால் மறுவீட்டில் கேட்கும். நிலத்தின் அடியில் ஒருவன் உயிர் மற்றொருவன் கையில் இருந்தது. அந்த உறவே நிலத்தின் மேலும் தொடர்ந்தது.

தென்வேல்சின் சுரங்கச் சிற்றூர்களைக் குடிசைக் கூட்டம் என்று எண்ணிவிடாதீர்கள்! உழைப்பாளிகள் தம் கூலியிலிருந்து சிறுகாசு பிடித்துத் தாமே நூலகங்களும் மன்றங்களும் எழுப்பினார்கள். தாமே மருத்துவக் கூட்டுறவு அமைத்தார்கள். திரெதீகர் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளர் நடத்திய மருத்துவ உதவிக் கழகமே, அவ்வூர் மகனாகிய அனைரின் பெவன் 1948இல் பிரித்தானியா முழுமைக்கும் இலவச மருத்துவத் திட்டத்தை அமைத்தபோது முன்மாதிரியாக நின்றது. ஞாயிறுதோறும் வழிபாட்டு மனைகளில் நான்கு குரலில் பாட்டு எழும். ஆறு நாளும் கரித்தூளை விழுங்கிய தொண்டை ஏழாம் நாள் இசை பொழியும். உடைமை இல்லாதவர்கள் ஒற்றுமையை உடைமையாகக் கொண்ட வாழ்க்கை அது.

ஆயினும் மொழியில் அடி விழுந்தது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வழக்குமன்றத்திலிருந்தும் அரசுப் பணியிலிருந்தும் அம்மக்களின் தாய்மொழியை வெளியே தள்ளியது. 19ஆம் நூற்றாண்டிற் பல பள்ளிகளில், தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டனர். ஆட்சியின் செவிக்குத் தம் சொல் எட்டாது என்னும் பாடத்தை அம்மக்கள் அன்றே கற்றுக்கொண்டனர். அப்பாடத்தின் கொடிய பகுதி பின்னர் வந்தது.

கரியை எடுத்தால் கழிவு மிஞ்சும். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அக்கழிவை அபர்வானுக்கு மேலுள்ள மலைச்சரிவில் கொட்டத் தொடங்கினர். ஒன்று நிரம்பினால் அடுத்தது. இப்படி ஏழு மேடுகள். 1947இல் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. இனி இது நம் சுரங்கம் என்று தொழிலாளர் மகிழ்ந்தனர். ஆனால் முதலாளி போன இருக்கையில் வாரியம் அமர்ந்தது. தொலைவு மட்டும் குறையவில்லை. 1958இல் ஏழாம் மேட்டைத் தொடங்கியபோது, நிலப்படத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்த ஊற்றுகளின் மேலேயே கொட்டினார்கள். நீரின் மேல் சேற்றை அடுக்கினார்கள்!

முன்னறிவிப்பு இல்லையா? இருந்தது. 1939இல் ஐந்து கல் தொலைவிலிருந்த கில்வைனித் என்னும் ஊரில் இத்தகைய மேடு சரிந்தது. 1944இல் அபர்வானின் நான்காம் மேடு சரிந்தது. 1963இல் ஏழாம் மேடே சரிந்தது. அதே ஆண்டில் நகராட்சிப் பொறியாளர், பள்ளியின் பின்புறம் கொட்டப்படும் கரிச்சேற்றால் தீங்கு நேரும் என்று வாரியத்துக்கு மடல் எழுதினார். மேடு நகர்ந்தால் பள்ளிக்கே கேடு என்று உறுப்பினர் ஒருவர் நகராட்சிக் கூட்டத்திற் கூறினார். கரிநீர் பெருகிப் பள்ளியைச் சூழ்கிறது என்று தாய்மார்கள் கையெழுத்திட்டு வேண்டுகை மடல் கொடுத்தனர். மடல்கள் சென்றன, மறுமொழிகளும் வந்தன, கழிவு வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. சுரங்கம் மூடப்பட்டால் சோறு போய்விடும் என்னும் அச்சமும் ஊரின் வாயைப் பாதி அடைத்தது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. இடைவிடுமுறைக்கு முந்தைய பள்ளி நாள். பள்ளத்தாக்கில் மூடுபனி. மேட்டின் உச்சியில் வேலைக்கு வந்தவர்கள் மேடு உள்வாங்கியிருப்பதைக் கண்டு, செய்தி சொல்லக் கீழே ஆள் அனுப்பினர். காலை 9.15 மணியளவில் மேடு உடைந்தது. பல நாள் மழையில் ஊறிய கழிவு ஆறாய்ப் பாய்ந்து, மலையடி உழவர் வீடொன்றை விழுங்கி, பந்த்கிளாசுத் தொடக்கப் பள்ளியின் மேலும் அருகிலிருந்த வீடுகளின் மேலும் விழுந்தது. மாண்டவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் ஏழு முதல் பத்து அகவையினர். ஆசிரியர் ஐவரும் மாண்டனர்.

சுரங்கத்தினுள் இருந்த தந்தையர் மேலேறி ஓடி வந்தார்கள். கரி வெட்டிய கைகளால் தம் பிள்ளைகளைத் தோண்டினார்கள். முற்பகல் 11 மணிக்குப் பின் ஓருயிரையும் மீட்க முடியவில்லை. வழிபாட்டு மனை பிணங்களைக் கிடத்தும் இடமாயிற்று. பாட்டு எழுந்த கூடத்தில் பெற்றோர் வரிசையில் நின்று தம் பிள்ளையை அடையாளம் சொன்னார்கள்.

வாரியத் தலைவர் இராபன்சு பெருமகனோ அன்று மாலை ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பதவியேற்கும் விழாவுக்குச் சென்றார். மறுநாள்தான் அபர்வானுக்கு வந்தார். வந்தவர், மேட்டின் அடியில் யாரும் அறியாத ஊற்று இருந்தது என்றார். அவ்வூர்ச் சிறுவர்களும் அறிந்த ஊற்று அது! எட்மண்டு தேவீசு என்னும் நடுவர் தலைமையில் உசாவல் மன்றம் 76 நாள் அமர்ந்தது. அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கிலே பிறந்த வேல்சு மகன். 1967 ஆகத்து 3இல் வெளிவந்த அறிக்கை முழுப்பழியும் வாரியத்துடையதே என்று தீர்த்துரைத்தது. தீய நெஞ்சம் கரணியமன்று. அறியாமையும் திறனின்மையும் செய்தி சேராமையுமே கரணியம் என்றது. ஆனாலும் அதற்காக ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை, ஒருவர்மீதும் வழக்கில்லை. வாரியம் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகக் கொடுத்தது 500 பவுண்டு.

கொடுமை அதனோடு முடியவில்லை. உலக மக்கள் இரங்கி அளித்த கொடைப்பணம் 17½ இலக்கம் பவுண்டு அளவுக்குச் சேர்ந்தது. ஊருக்கு மேலே எஞ்சிய மேடுகளை அகற்றுங்கள் என்று ஊரார் கெஞ்சினர். ஆட்சியாளர் அசையவில்லை. கரிச்சேற்றை மூட்டையாகக் கட்டிக் கார்டிபு நகர அரசு அலுவலகத்திற் கொண்டுபோய்க் கொட்டினர் ஊரார். அப்போதுதான் அசைந்தார்கள். அகற்றும் செலவுக்கோ, அந்தக் கொடைப்பணத்திலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கொன்ற மேட்டைப் பெயர்க்கப் பிள்ளையின் பெயரால் வந்த பணம்! அதைத் திருப்பித் தந்தது 1997இல், வட்டியின்றி. வேல்சு மக்கள் 1999இல் தமக்கென ஒரு பேரவை பெற்ற பிறகு, 2007இல், அந்த வேல்சு அரசே 15 இலக்கம் பவுண்டை நினைவு அறக்கட்டளைக்கும் 5 இலக்கத்தைக் கல்வி அறக்கட்டளைக்கும் வழங்கியது. நாற்பதாண்டுப் பழியைத் துடைக்க, அம்மண்ணின் அரசு தேவைப்பட்டது.

ஊர் அழிந்ததா? இல்லை. துயருற்ற ஆடவர் கூடி ஒரு பாடற்குழு கண்டனர். ஆற்றின் மறுகரைப் பகுதியின் பழம்பெயராகிய 'அனிசோவன்' என்பதையே அதற்குச் சூட்டினர். இளந்தாய்மார் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். பள்ளி நின்ற இடத்தில் நினைவுத் தோட்டம் மலர்ந்தது. மலைச்சரிவுக் கல்லறையில் வெண்ணிற வளைவுகள் வரிசையாய் நிற்கின்றன. சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. கரி போயிற்று, ஊர் இருக்கிறது.

ஆனால் கழிவு மேடுகள் அந்நாட்டில் இன்னும் நிற்கின்றன. 2020இல் தைலர்சுதவுனில் ஒரு பழைய மேடு சரிந்தது; 2024இல் கும்தில்லரியில் மற்றொன்று சரிந்தது. உயிர்கள் தப்பின. மேடு மறப்பதில்லை, நீரும் மறப்பதில்லை. மறப்பவர்கள் ஆள்பவர்கள்தாம்.

பெருமக்களே! வள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். செவியால் பெறும் அறிவுக்கு அத்துணை உயர்வு தந்தார். அபர்வானில் அறிவு இல்லாமற் போகவில்லை. அது தாய்மார்களின் கையெழுத்தில் இருந்தது. பொறியாளரின் மடலில் இருந்தது. பச்சைப் பள்ளம் என்னும் பெயரிலேயே இருந்தது. கேட்கும் செவிதான் இல்லை. ஒரு நிலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை, அந்நிலத்தின் கீழே தம் பிள்ளைகளை உறங்கவைப்பவர்களுக்கே முதலில் உண்டு. அந்த உரிமையைக் கேட்கத் தயங்கும் ஊர் எதுவாயினும், 116 குழந்தைகளின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்!