முத்திரையிட்ட பொட்டலத்தின் பயணம்

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது நாம் சிகிச்சை ஒன்றையே எண்ணுகிறோம். மருத்துவருக்கோ அங்கே இரண்டு கடமைகள் உண்டு. காயத்திற்கு மருந்திடுவது ஒன்று. உடலிலும் உடையிலும் தங்கியுள்ள தடயங்களைத் திரட்டிச் சான்றாகக் காப்பது மற்றொன்று. இதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. பஞ்சுக் குச்சிகள், கண்ணாடித் தகடுகள், சீப்பு, நகவெட்டி, காகித உறைகள் முதலியன அதில் அடங்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிகழ்ச்சிக்குப் பின் 96 மணி நேரம் வரை உடலிலிருந்து இத்தடயங்களை எடுக்கலாம். ஈர உடையை உலர்த்திக் காகிதத்தில் பொதிய வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளிக்காமலும், உடையைத் துவைக்காமலும் விரைந்து வரவேண்டும் என்று சொல்வது இதனால்தான். குளித்துவிட்டோமே என்று வாராதிருத்தலும் தவறு. உடையிலே தடயம் எஞ்சியிருக்கக் கூடும்.

பெட்டியை மூடி முத்திரையிட்ட பிறகு அது எங்கே செல்கிறது? மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்திற்கு, அங்கிருந்து தடயவியல் ஆய்வகத்திற்கு, முடிவில் நீதிமன்றத்திற்கு. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் இன்னார் கொடுத்தார், இன்னார் பெற்றார், இன்ன நாள், இன்ன நேரம், முத்திரை கெடாமல் இருந்தது என்று எழுத்தில் இருக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயினும் ஐயத்தின் பயன் எதிரியைச் சேரும். இடுக்கித் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு இப்பயணம் இன்னும் நீண்டது. கேரளத்தின் தடயவியல் ஆய்வகங்கள் திருவனந்தபுரம், கொச்சி, திருச்சூர், கண்ணூர் ஆகிய நகரங்களில் உள்ளன. வண்டிப்பெரியாற்றுப் பொட்டலம் எங்குச் செல்வதாயினும் மலையிறங்கியே செல்லவேண்டும்.

அந்த வண்டிப்பெரியாற்றில் 2021 ஜூன் 30 அன்று, தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். வழக்கு கட்டப்பனை விரைவு நீதிமன்றத்தில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவரை 2023 டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் விடுவித்தது. புலனாய்வு அதிகாரி நிகழ்விடத்திற்கு மறுநாளே சென்றதையும், தடயம் திரட்டியதில் இருந்த குறைகளையும் தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. பாலக்காட்டு எல்லையில், வாளையாற்றை அடுத்த அட்டப்பள்ளத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரியிலும் மார்ச்சிலும் சகோதரியர் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். மூத்தவளுக்கு வயது 13, இளையவளுக்கு 9. மூத்தவளின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் கொடுமைக்கான குறிகள் பதிவாகியிருந்தன. அந்தக் காகிதம் உரிய காலத்தில் எவரையும் எழுப்பவில்லை. ஐம்பது நாட்களில் இளையவளும் போய்விட்டாள். 2019இல் வந்த விடுதலைத் தீர்ப்பை 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் தள்ளி, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை ஏற்ற அவ்வழக்கு வேறு பல திருப்பங்களையும் கண்டது. அவை இன்று நம் பொருளல்ல.

குமுளியிலிருந்து மலையிறங்கினால் தேனி மாவட்டம். அங்கே சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கொல்லப்பட்டனர். பெண் வன்கொடுமைக்கும் உள்ளாகியிருந்தார். அவ்வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிற குறைகளோடு, மரபணு மாதிரிகள் யாரிடம் எவ்வளவு காலம் இருந்தன, தாமதம் ஏன் என்பதற்குச் செவ்வையான விளக்கமில்லை என்பதும் ஒரு காரணம். ஒருவர் தூக்குமேடைக்கு அருகில் பல ஆண்டுகள் இருந்தார். இறந்தோரின் குடும்பங்களுக்கோ யார் செய்தார் என்பதற்கு விடையில்லை. பொட்டலத்தைக் காவாமை இரு சாராரையும் ஒருங்கே வஞ்சிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

அத்தீர்ப்பிலேயே நாடு முழுவதற்குமான கட்டளைகளும் உள்ளன. மரபணு மாதிரிப் பொட்டலத்தில் வழக்கு எண், காவல் நிலையம், அதிகாரியின் பெயர் முதலியவை எழுதப்படவேண்டும். எடுத்த 48 மணி நேரத்திற்குள் அது ஆய்வகத்தைச் சேரவேண்டும். தாமதித்தால் காரணம் பதியப்படவேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பிரிக்கவோ மறுமுத்திரை இடவோ கூடாது. தொடக்கம் முதல் தீர்ப்பு வரை கைமாற்றப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டும்.

நல்ல கட்டளைகளே. ஆனால் அப்பதிவேடு நீதிமன்றத்திற்காக வைக்கப்படுவது. பாதிக்கப்பட்டவர் அதைத் தம் விருப்பப்படி பார்க்க வழியில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத் தனிச் சட்டமே வேண்டும் என்பது நம் கருத்து. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரக் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் 2009ஆம் ஆண்டு பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. மிகப் பலவற்றைச் சோதித்தவரே இல்லை. இத்தகைய செய்திகள் மக்களை உலுக்கின. ஐடஹோ மாநிலம் 2016இல் சட்டம் இயற்றி, பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர் அந்த எண்ணைக் கொண்டு, எவரையும் கேளாமல், பெட்டி இன்று எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்தே அறியலாம். நம் நாட்டில் அஞ்சலகத்தில் கட்டும் விரைவுத் தபாலுக்கு இவ்வசதி உண்டு, இப்பெட்டிக்கு இல்லை.

அத்தகைய சட்டம் வரும்வரை கையிலுள்ளவற்றைப் பயன்கொள்ள வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இடுக்கியில் நடந்ததைத் தேனியில் சொன்னாலும், பாலக்காட்டில் நடந்ததைக் கோவையில் சொன்னாலும் பதிந்தே தீரவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கலாகாது. மருத்துவர் ஏழு நாட்களுக்குள் அறிக்கை அனுப்பவேண்டும். புலனாய்வு எந்த அளவில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் காவல்துறை தெரிவிக்கவேண்டும். பொட்டலம் ஆய்வகத்துக்கு எந்நாளில் சென்றது என்றும் அப்போது கேட்கலாம்.

மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்குவோர் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. அதன்படி தமிழர்கள் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். விடையும் தமிழில் வரவேண்டும். மனுவில் வழக்கு எண்ணையும் மருத்துவமனைக்குச் சென்ற தேதியையும் குறித்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது நலம்.