‘மெஜஸ்டி’ என்ற சொல்லும் ஒரு சிறுவனின் வரவேற்புரையும்

(பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பங்குச் சாமியார் ஏறினால் கோவில் கட்டிய கதை வரும், மணிக்கூண்டு எழும்பிய கதை வரும், கடைசியில் கடன் பாக்கியும் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டையும் எனக்கு முன் பேசிய பெரியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதை ஞாயிறு பூசையில் சொல்லிக்கொள்கிறேன். இன்று நான் பேசப் போவது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. ‘மெஜஸ்டி’ என்பது அச்சொல்.

ஏன் இந்தச் சொல்? விழாவின் தொடக்க நாளில் பேராயர் அவர்களை ஆங்கிலத்தில் வரவேற்க, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைப் பழக்கினோம். பூசை உதவிக்குத் தவறாமல் வருகிற பையன். ஒத்திகையின்போது ‘யுவர் கிரேஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘யுவர் மெஜஸ்டி’ என்று உரத்த குரலில் சொல்லிவிட்டான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், “என்னப்பா, ஆண்டகைக்குக் கிரீடமே சூட்டிவிட்டாயே!” என்று கேலியும் செய்தேன். மறுநாள் காலைப் பூசைக்கு அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வரவேற்புரையை வேறொரு பிள்ளை வாசித்தது.

என் மனம் உறுத்தியது. ஓர் இரவு அகராதியையும், குருமடத்தில் படித்த பழைய இலத்தீன் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடினேன். அதில் நான் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இலத்தீனில் ‘மாஞுஸ்’ என்றால் பெரிய. ‘மாயோர்’ என்றால் அதைவிடப் பெரிய. அதிலிருந்து பிறந்தது ‘மாயெஸ்தாஸ்’. பிறரினும் பெரிதாயிருக்கும் தன்மை என்பது அதன் பொருள். உரோமைக் குடியரசில் இந்தப் பெருமை எந்த மன்னருக்கும் உரியதன்று. அது உரோமை மக்களின் பெருமை. அந்தப் பெருமைக்குப் பங்கம் செய்வது குற்றம் என்று சட்டமும் இருந்தது. பிறகு பேரரசர்கள் வந்தார்கள். மக்களின் பெருமை ஒரு மனிதருடைய பெருமையாயிற்று. திபேரியுஸ் ஆண்ட காலத்தில் (கி.பி. 14–37) இந்தச் சட்டம் கண்டவர்மேலெல்லாம் பாய்ந்தது. பேரரசரின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்குள் கொண்டுபோனதுகூட மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று என்று ஸ்வேத்தோனியுஸ் என்ற உரோமைச் சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் திபேரியுஸ் ஆட்சியில்தான் நம் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன? தம்மை அரசர் என்று சொல்லிக்கொண்டார் என்பதே. அது இந்த ‘மாயெஸ்தாஸ்’ சட்டத்தின் வகையைச் சேர்ந்த குற்றச்சாட்டு என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். மெஜஸ்டியைக் காக்கிறோம் என்று புறப்பட்டவர்கள், முள்முடியோடு நின்ற மெஜஸ்டியை அடையாளம் காணவில்லை.

அந்த இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் அது முதலில் இறைவனின் பெருமையைக் குறிக்கவே பெரிதும் வழங்கியது. அப்படியானால் அக்காலத்து ஆங்கில மன்னரை எப்படி அழைத்தார்கள்? இங்கேதான் எனக்கு வெட்கம் வந்தது. ‘யுவர் கிரேஸ்’ என்றும் ‘யுவர் ஹைனஸ்’ என்றும் அழைத்தார்கள்! 1519-இல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் சார்லஸ் ‘மெஜஸ்டி’ என்ற பட்டத்தைப் பெரிதாக வழங்கச் செய்தார். அவர் வைத்துக்கொண்டால் மற்ற மன்னர்கள் விடுவார்களா? இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் (1509–1547) அதைப் பிடித்துக்கொண்டார். அவர் காலத்தில் மூன்று பட்டங்களும் கலந்தே வழங்கின. நாளடைவில் ‘மெஜஸ்டி’ அரசருக்கே என்று நிலைத்துவிட, ‘ஹைனஸ்’ இளவரசருக்கும், ‘கிரேஸ்’ டியூக்குகளுக்கும் பேராயர்களுக்கும் என்று இறங்கி வந்தன.

ஆகவே, இன்று பேராயரை அழைக்க நாம் சொல்லும் சொல்லே ஒரு காலத்தில் மன்னரை அழைத்த சொல்தான். நம் சிறுவன் செய்த பிழை ஒரு படி ஏறிய பிழை, அவ்வளவுதான். அதற்காகக் கூடமே சிரித்தோம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக இதன் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். அரசரிடமே பேசும்போது ‘யுவர் மெஜஸ்டி’. அவரைப் பற்றிப் பேசும்போது ‘ஹிஸ் மெஜஸ்டி’. அரசியானால் ‘ஹெர் மெஜஸ்டி’. இருவரையும் சேர்த்துச் சொன்னால் ‘தேர் மெஜஸ்டீஸ்’. பட்டமாக வரும்போது முதல் எழுத்து பெரிய எழுத்து. ஒரு மலையின் கம்பீரத்தைச் சொல்லும்போதும், சட்டத்தின் மாண்பைச் சொல்லும்போதும் அதே சொல் சிறிய எழுத்தில் வரும். நம் நாட்டு மகாராஜாக்களுக்கோ ஆங்கிலேயர் ‘ஹைனஸ்’ வரைதான் கொடுத்தார்கள். 21 குண்டு மரியாதை பெற்ற மைசூர் மன்னரும் ‘ஹிஸ் ஹைனஸ்’தான். ‘மெஜஸ்டி’யை இலண்டனிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சமஸ்தானப் பட்டங்களுக்கு இருந்த அரசு அங்கீகாரமும் 1971-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் முடிந்துபோயிற்று.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ‘யுவர் மெஜஸ்டி’ என்பதற்குப் பின் ஆங்கிலத்தில் ‘ஆர்’ வராது, ‘இஸ்’தான் வரும். ஏன்? பேசுகிறவர் அந்த மனிதரை நேராக விளிக்கவில்லை. அவரிடம் தங்கியிருக்கும் பெருமையை விளிக்கிறார். நம் முன்னோர் மனு எழுதும்போது “துரையவர்கள் சமுகத்துக்கு” என்று எழுதியது போலத்தான். மனு மனிதருக்கன்று, சமுகத்துக்கு.

பெருமை ஒருவரிடம் தங்குகிறது. அது அவர் சொத்து ஆவதில்லை. 70 ஆண்டுகள் அரசியாயிருந்த இரண்டாம் எலிசபெத் 2022 செப்டம்பர் 8-ஆம் நாள் காலமானார். அந்தக் கணமே ‘மெஜஸ்டி’ அவருடைய மகன் சார்லசிடம் போய்விட்டது. நீதிமன்றத்தில் ‘குயின்ஸ் கவுன்சல்’ என்றிருந்த வழக்கறிஞர்கள் அன்றே ‘கிங்ஸ் கவுன்சல்’ ஆனார்கள். 70 ஆண்டு கூடவே இருந்த சொல், ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

இதைத் திருச்சபையும் உணர்ந்திருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1963-இல் முடிசூட்டப்பட்டார். 1964 நவம்பர் 13-ஆம் நாள், அந்த மும்முடியைத் தாமே கொண்டுபோய்ப் பீடத்தின்மேல் வைத்து, ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் எந்தத் திருத்தந்தையும் முடிசூட்டிக்கொள்ளவில்லை. இங்கிலாந்து மன்னர்களும் ஒரு காலத்தில் பெரிய வியாழனன்று ஏழைகளின் பாதங்களைக் கழுவி வந்தார்கள். இப்போது, மன்னரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் காசு வழங்குவதோடு அது நிற்கிறது. குனிந்து கழுவுவதைவிட நின்றுகொண்டு கொடுப்பது சுலபம் அல்லவா? எனக்கும் அது சுலபம்தான்.

நம் தமிழில் ‘மெஜஸ்டி’க்கு ‘மாட்சிமை’ என்கிறோம். மலேசியத் தமிழர் இன்றும் தங்கள் மாமன்னரை ‘மாட்சிமை தங்கிய’ என்றே எழுதுகிறார்கள். ‘தங்கிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தங்குவது ஒரு நாள் போகும். ஆனால் ‘மாட்சி’ என்ற சொல்லை நம்மவர் அரண்மனைக்கு மட்டும் கொடுத்துவிடவில்லை. வள்ளுவர் அரசனுடைய குணங்களைச் சொல்லும் அதிகாரத்துக்கு ‘இறைமாட்சி’ என்று பெயர். அவரே இல்லத்தை நடத்தும் பெண்ணின் பண்பைச் சொல்லும்போது ‘மனைமாட்சி’ என்கிறார். அரியணையில் இருப்பவனுக்கும் அடுப்படியில் நிற்பவளுக்கும் ஒரே சொல்!

இதையெல்லாம் படித்த மறுநாள் மாலை அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் நீங்கள் அறிந்தவர்தான். சனிக்கிழமைதோறும் நம் கோவிலைக் கூட்டிக் கழுவிவிடுகிறவர். அவர் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அவன் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறான், சாமி” என்றார். வெட்கப்பட வேண்டியவன் நான் என்று சொன்னேன். பையன் வெளியே வந்தான். கிரேஸ், ஹைனஸ், மெஜஸ்டி கதையை முழுவதும் அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படியென்றால் நான் சொன்னது சரியா, சாமி?” என்று கேட்டான்.

“இல்லை தம்பி, தவறுதான். ஆனால் உன் தவறு ஒரு சொல்லில். என் தவறு ஒரு பிள்ளையிடத்தில். என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு முந்தி, பீடத்தில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தான்.

அன்பர்களே, நம் ஆலயம் கிறிஸ்து அரசருக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம். திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925-இல் இந்தத் திருநாளை ஏற்படுத்தியபோது, இரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேரரசர்களின் முடிகள் சரிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. மனிதர் முடிகள் உருண்ட காலத்தில், உருளாத அரசு ஒன்று உண்டு என்று திருச்சபை நினைவூட்டியது. அந்த அரசரின் வீட்டில் 50 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். விழா அழைப்பிதழில் யார் பெயர் முன்னே, யாருக்கு எந்தப் பட்டம் என்று நமக்குள் எத்தனை மனத்தாங்கல் வந்தது! ‘அருட்தந்தை’ என்று நீங்கள் என்னை அழைப்பதும் என்னிடம் தங்க வந்த சொல்தான். அடுத்த மாற்றல் உத்தரவு வந்தால், அதே சொல்லோடு வேறொருவரை வரவேற்பீர்கள். அது நியாயமே. நான் இருக்கும்வரை அந்தச் சொல்லுக்குப் பழுது வராமல் நடக்க எனக்காக மன்றாடுங்கள். நீங்களும் உங்கள் வீட்டிலும் தெருவிலும், பேச்சில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள்.

கிறிஸ்து அரசர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.